வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி: யாருடைய வயிற்றை?

இன்னைக்கு எபிசோட் வீட்டுக் கணக்கைப் பத்தினது. ஆனா நம்ம வீட்டுக் கணக்கு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல, கைக்குழந்தையை வச்சிருந்த சில அம்மாக்கள் வாரா வாரம் எழுதி வைத்த கணக்கு.

கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல சிலர் வீட்டுல இப்போ தொட்டில் ஆடிக்கிட்டு இருக்கலாம். ஒரு பக்கம் டயப்பர், தடுப்பூசி, டாக்டர் செலவு. இன்னொரு பக்கம் வீட்டு லோன் இஎம்ஐ, கிரெடிட் கார்டு பாக்கி, பிரசவத்துக்கு வச்ச நகை. சம்பளம் அதேதான், ஒருத்தர் லீவுல இருந்தா அதுவும் குறைவு. இந்த நேரத்துல எல்லாரும் சொல்ற ஒரே அறிவுரை, "பட்ஜெட் போடுங்க". நல்ல அறிவுரைதான். ஆனா பட்ஜெட் போட்ட பிறகும் கணக்கு உதைச்சா எந்த வரியில கை வைப்பீங்க?

நம்ம ஊர்ல பெரியவங்க பெருமையா சொல்வாங்க, "வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி கடனை அடைச்சோம்"னு. அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டு ஒரு கேள்வி கேட்போம். யாருடைய வாய்? யாருடைய வயிறு? இந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் இருக்கிற இடம்தான் லாம்பெத்.

கணக்கு நோட்டு வந்த கதை

லாம்பெத் என்பது லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் பகுதி. எதிர்க்கரையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம். உலகத்தில் சுமார் கால்வாசியை ஆண்டுகொண்டிருந்த அந்தக் கட்டடத்திலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் நம் கதை நடக்கிறது.

1908-ல் ஃபேபியன் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு தனிக் குழுவைத் தொடங்கினார்கள். அதில் முக்கியமானவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1893-ல் நியூசிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தபோது அந்தப் போராட்டத்தில் இருந்தவர். பிறகு கணவரோடு லண்டனுக்குக் குடிவந்தவர்.

இந்தக் குழு 1909-ல் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிகள் பட்டியலிலிருந்து கர்ப்பிணிகளின் பெயர்களை எடுத்தார்கள். பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாய்க்குச் சத்தான உணவு கொடுப்பது; அதனால் தாய்க்கும் குழந்தைக்கும் என்ன மாற்றம் வருகிறது என்று கவனிப்பது. இதுதான் திட்டம். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். 1913 வரை இது தொடர்ந்தது.

கூடவே அந்தப் பெண்களிடம் ஒன்று கேட்டார்கள்: வாரச் செலவை எழுதி வையுங்கள். சில பெண்களுக்கு எழுதத் தெரியாது. அந்த வீடுகளில் வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை நிறைந்த அந்த நோட்டுகள்தான் 1913-ல் ஒரு புத்தகமாக வந்தன. பெயர் 'ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்'. "வாரத்துக்குச் சுமாராக ஒரு பவுண்டு" என்று அர்த்தம்.

இங்கே ஒண்ணை கவனிக்கணும். இவங்க லண்டன்லயே ரொம்ப ஏழைங்க இல்லை. கணவருக்கு வேலை இருந்தது. வண்டி ஓட்டுபவர், ரயில் பெட்டி கழுவுபவர், கட்டட வேலையில் எடுபிடியாக இருப்பவர், இப்படி. வாரச் சம்பளம் பெரும்பாலும் 18 முதல் 30 ஷில்லிங்குக்குள். ஊதாரித்தனம் இல்லை. மரியாதையாகக் குடும்பம் நடத்தும் மனிதர்கள். அப்படிப்பட்டவர்கள் வீட்டிலேயே நிலைமை இதுதான் என்று காட்டுவதுதான் ரீவ்ஸின் நோக்கம்.

ஒரு வாரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில் அந்தக் காலத்துக் காசு. 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

அந்த நோட்டுகளில் வழக்கமாக வரும் தொகைகளை வைத்து நாமே ஒரு வாரத்தை உருவாக்கிப் பார்க்கலாம். கணவர், மனைவி, நான்கு பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. கணவர் சம்பளம் 24 ஷில்லிங். போக்குவரத்துக்கும் கைச்செலவுக்கும் 2 ஷில்லிங் வைத்துக்கொண்டு 22 ஷில்லிங்கை மனைவி கையில் கொடுக்கிறார்.

வாடகை 8 ஷில்லிங். மிச்சம் 14.

ஈமச் செலவு இன்ஷூரன்ஸ் 9 பென்னி. இதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

நிலக்கரிக்கும் கேஸுக்கும் 2 ஷில்லிங் 3 பென்னி. கேஸ் மீட்டரில் ஒரு பென்னி போட்டால் அந்த அளவுக்கு மட்டும் கேஸ் வரும். இன்றைய ப்ரீபெய்டு மாதிரிதான்.

சோப்பு, சோடா, மற்ற சில்லறைச் சாமான் 6 பென்னி. செருப்பு, துணி வாங்க வாரா வாரம் கட்டும் 'கிளப்' சீட்டு 1 ஷில்லிங்.

எல்லாம் போக மிச்சம் 9 ஷில்லிங் 6 பென்னி. ஆறு பேர் ஏழு நாள் சாப்பிட இதுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 பென்னிகூட இல்லை.

வாடகையைக் குறைக்க முடியாது. வீட்டுக்காரர் வெளியே தள்ளிவிடுவார். இன்ஷூரன்ஸ் நின்றால் அதுவரை கட்டியது போச்சு. கேஸ் மீட்டர் கடன் சொல்லாது. வசூலுக்கு ஆள் வராத ஒரே வரி சாப்பாடு. அதனால் எந்தச் சுமை வந்தாலும் கடைசியில் அது போய் விழும் இடமும் சாப்பாடுதான்.

கடன் எப்படி வந்தது?

வேலை இல்லாத ஒரு வாரம் போதும். மழையில் கட்டட வேலை நின்றால் சம்பளம் கிடையாது. வாடகை பாக்கி விழும். வேலை கிடைத்ததும் வழக்கமான வாடகையோடு பாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். அடுத்தது மூலைக்கடையில் கணக்கு. ரொட்டியும் டீத்தூளும் கடனுக்குக் கிடைக்கும். ஆனால் அந்தக் கடையை விட்டு மலிவான கடைக்குப் போக முடியாது.

மூன்றாவது, நமக்கு நல்லாப் பழக்கமான இடம்: அடகுக்கடை. திங்கட்கிழமை காலை கணவரின் ஞாயிற்றுக்கிழமை கோட்டு அடகுக்குப் போகும். சம்பளம் வந்ததும் சனிக்கிழமை மீட்பார்கள். திங்கட்கிழமை மறுபடியும் போகும்.

1872-ம் ஆண்டு அடகுச் சட்டப்படி, 2 ஷில்லிங்குக்கு மாதம் அரை பென்னி வட்டி. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 25 சதவீதம். கேட்க அவ்வளவு பயங்கரமா இல்லை, இல்லையா? ஆனா இங்கதான் விஷயமே இருக்கு. அஞ்சு நாள்ல மீட்டாலும் முழு மாச வட்டி கட்டணும். ஒவ்வொரு தடவையும் சீட்டுக்கு அரை பென்னி தனி. 4 ஷில்லிங்குக்குக் கோட்டை வைத்தால் வட்டி 1 பென்னி, சீட்டு அரை பென்னி, ஆக வாரத்துக்கு ஒன்றரை பென்னி. 52 வாரம் இப்படிப் போனால் 78 பென்னி. அதாவது 6 ஷில்லிங் 6 பென்னி. 4 ஷில்லிங் கடனுக்கு! வருஷத்துக்கு 160 சதவீதத்துக்கும் மேல். சட்டம் மீறப்படவே இல்லை. சின்னத் தொகையைக் குறுகிய காலத்துக்குத் திரும்பத் திரும்ப வாங்கினால் இதுதான் கதி. இன்றைக்கு மொபைல் ஆப்பில் "பிராசசிங் ஃபீ மட்டும்தான்" என்று சொல்லித் தரும் குட்டிக் கடனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

பிறந்ததும் ஒரு பென்னி

இப்போ அந்த ஈமச் செலவு இன்ஷூரன்ஸுக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் வாரம் ஒரு பென்னி கட்டத் தொடங்குவார்கள். படிப்புக்கோ எதிர்காலத்துக்கோ இல்லை. குழந்தை இறந்தால் அடக்கம் செய்ய.

இதைக் கேட்டு அன்றைய வசதியானவர்கள் முகம் சுளித்தார்கள். "அந்தப் பென்னிக்குப் பால் வாங்கிக் கொடுக்கலாமே" என்பது அவர்கள் வாதம். ரீவ்ஸ் இந்த வாதத்தைக் கணக்கு வைத்தே உடைத்தார். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நெரிசலான ஏழைத் தெருக்களில் பயம் இன்னும் அதிகம். ஒரு குழந்தையை எளிமையாக அடக்கம் செய்யவே சுமார் 2 பவுண்டு. கிட்டத்தட்ட இரண்டு வாரச் சம்பளம். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் இரண்டே வழி. ஒன்று, அநாதைப் பிணம்போல் அரசு செலவில் புதைக்க விடுவது. அந்த அவமானத்தை எந்தத் தாயும் தாங்கமாட்டாள். இரண்டு, கடன் வாங்குவது. அந்தக் கடனை அடைக்க மிச்சமிருக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைப்பது.

இறந்த குழந்தைக்கான கடனை உயிரோடு இருக்கும் குழந்தைகள் பட்டினி கிடந்து அடைக்க வேண்டும். அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பென்னி. வெளியிலிருந்து பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரிந்த செலவு, உள்ளே இருந்து பார்த்தால் கடனுக்கு எதிரான காப்பு.

யார் தட்டு குறைந்தது?

சாப்பாட்டு வரியில் ஒரு ஷில்லிங் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் சமமாகவா குறையும்? இல்லை. கணவர் உடல் உழைப்பாளி. அவர் படுத்தால் வீடே படுத்துவிடும். அதனால் இறைச்சியோ மீனோ எது கிடைத்தாலும் அவருக்கு. பிள்ளைகளுக்கு ரொட்டியும் அதில் தடவ ஏதாவது கொழுப்பும். கடைசியில் தாய். அவளுக்கு மிஞ்சியது ரொட்டியும் டீயும். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் அவள் பால் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால் நின்ற பிறகு? பசும்பால் ஒரு குவார்ட் 4 பென்னி. ஒரு குவார்ட் என்றால் ஒரு லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். வளரும் குழந்தைக்குத் தினமும் ஒரு குவார்ட் தரலாம் என்று வைத்தால் வாரத்துக்கு 2 ஷில்லிங் 4 பென்னி. மொத்தச் சாப்பாட்டுக் காசே 8, 9 ஷில்லிங்தான் என்னும்போது அது நடக்காத காரியம். அதனால் விலை குறைந்த டின் பால் வந்தது. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைகள் போகப்போக வாடிப்போவதை ரீவ்ஸ் குழு கண்ணால் பார்த்தது.

அதாவது, அந்த வீட்டில் வங்கி என்று ஒன்று இருந்தால் அது தாயின் உடம்புதான். பணம் பற்றாதபோதெல்லாம் அங்கிருந்துதான் எடுத்தார்கள். திருப்பிப் போட யாருக்கும் வழியில்லை.

கஞ்சி குடிக்கலாமே?

அந்தக் காலத்திலும் அறிவுரைக்குப் பஞ்சம் இல்லை. "ரொட்டிக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி கொடுங்கள், மலிவு, சத்து" என்பது பிரபலமான ஒன்று. லாம்பெத் பெண்கள் அதைச் செய்யவில்லை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கஞ்சி நன்றாக வர நிறைய நேரம் அடுப்பு எரிய வேண்டும், அதாவது மீட்டரில் பென்னி விழ வேண்டும். இருப்பதே ஒரே பழைய பாத்திரம், அதில் அடிப்பிடித்துப் பழைய வாடை வரும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் பிள்ளைகள் தொடமாட்டார்கள். ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், தட்டும் வேண்டாம். பிள்ளை கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இந்த வாரக் கணக்குகள் மூலம் ரீவ்ஸ் சொல்ல வந்தது இதுதான்: இந்தப் பெண்களுக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு அரை பென்னியும் அவர்களுக்குத் தெரியும். குறைவாக இருந்தது பணம். அறிவுரைக்குப் பதிலாகக் குறைந்தபட்சக் கூலி வேண்டும், குழந்தைகளுக்கு அரசு உதவி வேண்டும் என்று அவர் புத்தகத்தை முடித்தார்.

பணம் யார் கையில்?

அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. 1911-ம் ஆண்டு தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, காப்பீடு செய்த தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவம் ஆனால் 30 ஷில்லிங். 1913 ஜனவரியிலிருந்து இந்த உதவி நடைமுறைக்கு வந்தது. லாம்பெத் வீட்டில் அது ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேல். மருத்துவச்சிக்குக் கொடுக்கக் கடன் வாங்க வேண்டாம்.

ஆனால் இன்ஷூரன்ஸ் கணவர் பெயரில் இருந்ததால் பணமும் அவருக்கே உரியதாக இருந்தது. பெண்கள் கூட்டுறவு கில்டு என்ற தொழிலாளர் குடும்பப் பெண்களின் அமைப்பு இதை எதிர்த்துப் போராடியது. "பெற்றவள் அவள், பணமும் அவளுக்கே." அப்படிச் செய்தால் கணவனை நம்பாததுபோல் ஆகிவிடாதா என்று எதிர்ப்பு வந்தது. ஆனாலும் அதே 1913-ல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த 30 ஷில்லிங் தாயின் சொத்தாக ஆனது.

1915-ல் இந்த கில்டு, தன் உறுப்பினர்களின் 160 கடிதங்களைப் புத்தகமாக வெளியிட்டது. தொகுத்தவர் மார்கரெட் லூலின் டேவிஸ். பிரசவச் செலவுக்குச் சேர்க்க, கர்ப்ப காலத்திலேயே சாப்பாட்டைக் குறைத்தவர்கள், நிறைமாதத்திலும் துணி துவைக்கும் வேலைக்குப் போனவர்கள் அதில் தங்கள் கதையை எழுதினார்கள். லாம்பெத்தில் வெளியாட்கள் பார்த்துச் சொன்னதை இங்கே தாய்மார்கள் தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

முதல் உலகப்போர் இன்னொரு பாடம் சொன்னது. கணவர்கள் போருக்குப் போனதால், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உதவித்தொகை நேராக மனைவி கைக்கு வந்தது. லிவர்பூலில் அந்த வேலையில் இருந்த எலினார் ராத்போன் இதைக் கவனித்தார். தாய் கையில் நிச்சயமான பணம் வந்தால் அது பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகிறது. 1924-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளுக்கான பணத்தைத் தாய்க்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று இருபது வருஷத்துக்கும் மேல் வாதாடினார்.

1945-ல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தது. முதல் வரைவில் பணம் தந்தைக்கு! நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராத்போன், தான் வாழ்நாளெல்லாம் கேட்ட மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடத் தயார் என்றார். வரைவு மாறியது. பணம் தாய்க்கு என்று ஆனது. 1946 ஆகஸ்ட்டில் முதல் தொகை கொடுக்கப்பட்டபோது ராத்போன் உயிரோடு இல்லை. அந்த ஜனவரியில் இறந்துவிட்டார். வாரம் 5 ஷில்லிங், அதுவும் இரண்டாவது குழந்தையிலிருந்துதான். முதல் குழந்தைக்கும் சேர்த்துத் தரும் திட்டம் 1977-ல்தான் வந்தது.

நமக்கு இதில் என்ன?

நம்ம நிலைமையும் லாம்பெத்தும் ஒண்ணு இல்லை. நமக்குத் தடுப்பூசி இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா வீட்டுக் கணக்கோட அமைப்பு பெருசா மாறலை. இஎம்ஐ தானா அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கும். வாடகைக்கு போன் வரும். கிரெடிட் கார்டுக்கு மெசேஜ் வரும். ஆனா பிரசவம் ஆன பெண்ணோட இரும்புச்சத்து மாத்திரைக்கு யாரும் ரிமைண்டர் அனுப்பமாட்டாங்க. "செக்கப்புக்கு அடுத்த மாசம் போய்க்கலாம்", "வேலைக்கு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்", "எனக்கு எதுக்குப் பழம், குழந்தைக்கு இருக்கட்டும்". இதெல்லாம் எந்த எக்ஸெல் ஷீட்லயும் வராது. ஆனா கடன் அடையறது அங்கிருந்துதான்.

அதனால கடனை வேகமா அடைக்க ஒரு திட்டம் போடும்போது, ரெண்டு பேரும் உட்கார்ந்து கூடுதலா ரெண்டு வரி எழுதுங்க. அம்மாவோட சாப்பாடு, அம்மாவோட மருத்துவம். இது ரெண்டையும் வாடகை மாதிரி, தொடக்கூடாத வரியா வையுங்க. அப்பவும் கணக்கு உதைச்சா, கடன் கொடுத்தவங்ககிட்ட போய்த் தவணையை நீட்டிக் கேளுங்க. மொத்த வட்டி கொஞ்சம் கூடும்தான். ஆனா அது எவ்வளவுன்னு முன்கூட்டியே கணக்குப் போட முடியும். உடம்புல இருந்து எடுத்தா அதுக்கு எவ்வளவு வட்டின்னு லாம்பெத் பெண்களுக்கும் தெரியலை, நமக்கும் தெரியாது.

உங்க பாட்டிகிட்டயோ அம்மாகிட்டயோ ஒருமுறை கேளுங்க: நான் கைக்குழந்தையா இருந்தப்போ வீட்டுல என்ன கடன் இருந்துச்சு, எப்படி அடைச்சீங்க? "வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி"ன்னு ஆரம்பிச்சாங்கன்னா, அங்கயே நிறுத்தி, யாரோட வயிறுன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.